கல்லுப்பள்ளி ஒழுகவில்லை

அன்புள்ள ஊர் ஜமாஅத்தார்களுக்கும், வெளியூரிலும் கடல் தாண்டியும் இருக்கிற நம் சொந்தங்களுக்கும், கை கொடுத்த சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நேற்றிரவு பெய்த மழையில், பழுதுபார்த்து முடித்த நம் பழைய பள்ளிவாசலான கல்லுப்பள்ளிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஸஃபில், அதாவது தொழுகை வரிசையில், நின்றார்கள். தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தும் பார்த்தார், நான் கவனித்தேன். அல்ஹம்துலில்லாஹ். இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒழுகிக்கொண்டிருந்த பள்ளியை இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று எந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று சொன்னவர்களும் பள்ளி மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்கள். அவர்களில் பலர் கடைசியில் தலையில் சும்மாடு வைத்துச் சுண்ணாம்பு சுமந்தார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. எல்லோரையும் தனித்தனியாக எழுதினால் இது மடலாக இருக்காது, வாக்காளர் பட்டியலாகிவிடும். மண்ணடியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பிய காக்காமார்கள், தம்பிமார்கள், நகை விற்ற பணத்தைக் கவரில் போட்டுப் பெயர் எழுதாமல் உண்டியலில் சேர்த்த அந்தச் சகோதரி, பள்ளியை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டுத் தந்த கட்டடக்கலை மாணவர்கள், வேலை நடந்த நாளெல்லாம் தண்ணீர் லாரியை விட்ட பக்கத்து ஊர்க்காரர், தங்கள் பழைய வீட்டு மதிலிலிருந்து முருகைக்கல்லைப் பெயர்த்துக் கொடுத்த குடும்பம், மதியச் சோறு போட்ட பெண்கள் என எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். முருகைக்கல் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றி. நம் பள்ளியின் சுற்றுமதில் பவளப்பாறைக் கல்லால் ஆனது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்த பிறகு மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. பழைய மதில்களில் இருப்பதுதான் இனி நமக்குள்ள கல்.

தொல்லியல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவையும் சொல்லியாக வேண்டும். நிலைக்கால் மேல் ஏறியிருந்த வெள்ளையை மெல்ல உரித்து, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மசிப்படி எடுத்தபோது சுற்றி நின்ற பையன்கள் மூச்சுக்கூட விடவில்லை. எழுத்து நிறையவே தேய்ந்திருக்கிறது. ஆனால் நம் பள்ளியின் வயதைக் கல்வெட்டை வைத்துச் சொல்லத் தேவையில்லை, போதிகையை வைத்தே சொல்லலாம் என்று அவர் காட்டினார். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் கை விரித்துத் தாங்குகிறதே, அதுதான் போதிகை. சோழர் காலத்தில் அதைச் சாய்வாக வெட்டி விட்டுவிடுவார்கள், பூவெல்லாம் தொங்காது. பிற்காலப் பாண்டியரிடம் மொட்டு அரும்ப ஆரம்பிக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது முழுசாக விளைந்து, வாழைப்பூவாகக் கவிழ்ந்து தொங்குகிறது. நம் தூண்களில் எப்படித் தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். ஆக, 16, 17ஆம் நூற்றாண்டின் கை அது.

ஆயிரம் வருடப் பள்ளி என்று சொல்லிப் பழகிய நம் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் பள்ளிவாசல்கள் அதற்கு முன்பே இருந்தன என்பதில் சந்தேகமில்லை. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் (அந்நாளில் முஸ்லிம்களுக்குச் சொன்ன பெயர்) பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்கிறது. பெருமாள் கோயில் சுவர் ஒரு பள்ளிவாசலின் பத்திரத்தை எழுநூறு வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறது! அதே நூற்றாண்டின் கடைசியில்தான் மார்க்கோ போலோ காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதை எழுதினார். அந்தக் காலத்துப் பள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன, அல்லது இடித்துக் கட்டிக் கட்டி அடையாளம் மாறிவிட்டன. இன்று நாம் கல்லுப்பள்ளி என்று கைகாட்டுபவை பல, பிறகு வந்த மரைக்காயர் என்னும் முஸ்லிம் கடல் வணிகர்களின் வணிகமும், இராமநாதபுரத்துச் சேதுபதி சீமையும் சேர்ந்து செழித்த காலத்தவை. கீழக்கரையில் சீதக்காதி வள்ளலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜும்மாப் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம்முடையது அதன் பக்கத்தில் நிறுத்த முடியாத சின்னப் பள்ளிதான். ஆனால் உளி பேசும் பாஷை ஒன்றே.

கருங்கல் நம் மணல் பூமியில் விளைவதில்லை. எங்கிருந்தோ வண்டி கட்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள். செதுக்கியவர்கள் கோயில் வேலை பார்த்துப் பழகிய கல்தச்சர்கள் என்பதற்குப் பள்ளி முழுக்கச் சாட்சி இருக்கிறது. அடியில் உபானம், ஜகதி, எட்டுப்பட்டைக் குமுதம், கண்டம், பட்டிகை என்று கோயில் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், என்ன வரிசையோ அதே வரிசை. மேலே கொடுங்கையில், அதாவது வெளியே வளைந்து நீளும் கல் தாழ்வாரத்தில், வளைவான கூடுகள். கோயிலில் அந்தக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும், இங்கே பூ. தூணில் சதுரம், எட்டுப்பட்டைக் கட்டு, மறுபடி சதுரம். சதுரத்தில் உருவம் வர வேண்டிய இடத்தில் தாமரையும் கொடியும் முடிச்சுக் கோலமும். சதுரத்தின் மூலையில் பாம்புப் படம்போல் நாகபந்தம் வருமே, அங்கே படத்தை எடுத்துவிட்டு மொட்டை வைத்திருக்கிறார் அந்தத் தச்சர். யாரோ மரைக்காயர் பக்கத்தில் நின்று, "உருவம் வேண்டாம், மற்றதெல்லாம் உங்க இஷ்டம்" என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த இஷ்டத்தில் அவர் ஒரு தூணைப் போல் இன்னொரு தூணைச் செதுக்கவில்லை.

கிழக்கே வாசல், மேற்கே தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம். கிழக்கு வாசலும் மேற்கில் மூலஸ்தானமுமாகக் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் திசைக் கணக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. மாறியது மண்டபத்தின் போக்குதான். கருவறையை நோக்கி நீளமாகப் போகாமல் பக்கவாட்டில் விரிகிறது, தோளோடு தோள் சேர்ந்து நிற்க அகலம்தானே வேண்டும். குவிமாடம் கிடையாது, மினாரா கிடையாது. தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பக்கத்துப் படியில் ஏறி மொட்டைத்தளத்தில் நின்று பாங்கு சொன்ன பள்ளி இது. முற்றத்தில் இருக்கும் நிழற்கல்லில் நிழல் பார்த்துத்தான் அஸர் என்னும் மாலைத் தொழுகை நேரம் குறித்தார்கள். நாம் ஷாஃபி சட்ட மரபினர் என்பதால் நண்பகல் நிழலுக்கு மேல் கல்லின் உயர அளவுக்கு நிழல் கூடினால் போதும், ஹனஃபி மரபு ஊராக இருந்தால் இரண்டு மடங்கு வரை காத்திருக்க வேண்டும். வேலைக்காக முற்றத்தைத் தோண்டியபோது அந்தக் கல்லை அசைக்காமல் சுற்றி வேலை செய்த கொத்தனார் தம்பிக்கும் என் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை நான் எழுத ஆரம்பித்ததே ஒருவருக்காகத்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கிராமத்து ஆத்தா என்றால் வேலைக்கு வந்த எல்லோருக்கும் தெரியும்.

நம் கூரை கற்பலகைக் கூரை. அதன் மேல் அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தளம் இறக்கியிருந்தார்கள். பிறகு ஒரு காலத்தில் ஒழுகலை நிறுத்த அதன் மேல் சிமெண்டைப் பூசினார்கள். சிமெண்ட் தண்ணீரை விட வேண்டிய இடத்தில் விடாது, ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லுக்குள் உட்காரும். கடற்கரை ஈரத்தில் உப்பு உண்டு. அது காயும்போது படிகமாகிக் கல்லின் தோலை உரிக்கும். போதிகைப் பூவின் மேல்தோல் பொரிந்து உதிர்ந்ததற்கு அதுதான் காரணம். சிமெண்டை எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்புத் தளம்தான் போட வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கிக் குழியில் நீற்றி வைத்தும் ஆகிவிட்டது. தளம் தட்டத் தெரிந்த ஆள்தான் இல்லை. வரைபடம் போட்ட பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் தெரியும். நம் கொத்தனார்களுக்குக் கேள்விப்பட்டுத் தெரியும்.

அப்போதுதான் ஆத்தா வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, புளியமரத்தில் கடைந்த தட்டுக்கட்டை ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். சின்ன வயதில் செட்டிநாட்டு வீடுகளுக்கும் சத்திரங்களுக்கும் சித்தாளாகப் போய்த் தளம் தட்டியவர். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடுக்கா ஊற வச்சீங்களா?" இரண்டாவது கேள்வி கூலி. சித்தாள் கூலி வேண்டாம், கொத்தனார் கூலி வேண்டும் என்றார். "சொல்லிக் குடுக்கப் போறது நானு. அப்ப நான்தான கொத்தனாரு?" எங்கள் கமிட்டியில் இதற்கு மறுபேச்சு வரவில்லை. வந்திருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன்.

தட்டுவது என்றால் ஓங்கி அடிப்பது என்று நம் பையன்கள் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்ததைப் பரப்பி, வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே தாளத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து இடையிடையே தெளிக்க வேண்டும். மறுநாளும் அதே இடம். அதற்கு அடுத்த நாளும் அதே இடம். நம் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கிறதே, போதுமே என்று என்ஜினியரும் சொன்னார். ஆத்தா கேட்கவில்லை. காதைத் தளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டையால் ஒரு தட்டு. "மொத்து மொத்துன்னு கேக்குது பாரு. இன்னும் வேகல. கணீர்னு கேக்கணும், கட்ட தானாத் துள்ளணும். தளம் பேசும் தம்பி, நீங்க பேசாம இருங்க."

நிஜமாகவே ஒருநாள் சத்தம் மாறியது. கட்டை தளத்தில் பதியாமல் கையோடு எகிறியது. நம் பையன்களில் ஒருவன், எப்போதும் போனும் கையுமாக இருப்பவன், முதலில் கண்டுபிடித்து, "ஆத்தா, இங்க கேக்குது!" என்று கத்தினான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்த உதவி அதுகூட இல்லை. முன் மண்டபத்துத் தளம் பாதி தட்டியிருந்த நிலையில், பருவம் தப்பி ஒரு மழை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலே மூட வைத்திருந்த தார்ப்பாய் போதவில்லை. இருட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். எப்படி வந்தார், யாரோடு வந்தார் தெரியாது, ஆத்தா ஒரு பெரிய நீலத் தார்ப்பாயோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். நாலு மூலையிலும் கல்லை வைத்துக் கட்டி, கடைசித் துண்டும் மூடியாயிற்றா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஈரமாக இருக்கும் தளத்தில் அந்த மழை விழுந்திருந்தால் சுண்ணாம்பு கரைந்து ஜல்லி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அத்தனை நாள் தட்டியதும் வீண்.

அந்தத் தார்ப்பாய் எங்கிருந்து வந்தது என்று பிறகு அவருடைய பேத்தி சொல்லித்தான் தெரியும். ஆத்தா வீட்டு அடுப்படிக் கூரை மேல் கிடந்தது அது. அன்று இரவு அவர்கள் வீட்டு அடுப்படி முழுக்க நனைந்துவிட்டது. நம் பள்ளி நனையக் கூடாதென்று தன் கூரையைப் பிரித்து எடுத்து வந்திருக்கிறார். நான் கேட்கப் போனபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுப்படி காலையில காஞ்சிரும். தளம் காயுமா?" கூலியை ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணிப் பார்த்து வாங்கினார், ஒரு ரூபாய் விட்டதில்லை. தார்ப்பாய்க்கு மட்டும் காசை வாங்கவில்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இருக்கும்போதே, இருக்கிற ஒன்றையும் கழற்றிக் கொடுத்தவரை நாங்கள் பார்த்தோம்.

தளத்தின் மேல் தட்டை ஓடு பதித்து வேலை முடிந்த அன்று, பள்ளிக்குள் வந்து பாருங்கள் ஆத்தா என்று ஹஜ்ரத்தே அழைத்தார். செருப்பைக் கழற்றி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் தூணையும் தாமரையையும் மிஹ்ராபையும் காட்டத் தயாராக இருந்தோம். அவர் எதையும் பார்க்கவில்லை. மேலே கற்பலகைப் பொருத்தை மட்டும் ஒவ்வொன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே நடந்தார். "மழ பேஞ்சா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை சொல்லி அனுப்பிவிட்டோம்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. சேதுபதிகளின் கொடைக்குச் செப்பேடு இருக்கிறது. நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. நிலம் விட்டவர், விளக்குக்கு எண்ணெய் விட்டவர் எல்லாம் கல்லில் இருக்கிறார்கள். நம் பள்ளியின் முதல் தளத்தை நானூறு வருடத்துக்கு முன் தட்டியவர்களும் குந்தி உட்கார்ந்த சித்தாள் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரில் கை வெந்து, பாட்டுப் பாடிக்கொண்டே தட்டியிருப்பார்கள். அவர்களை எழுதிய கல் எங்கேயும் இல்லை. தச்சர் பெயரே இல்லாதபோது சித்தாள் பெயர் எப்படி இருக்கும் என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான். ஆனாலும் நன்கொடையாளர் பெயர்களைப் பளிங்கில் வெட்டி வாசலில் பதிக்கலாம் என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. அதற்கு என் சம்மதம் இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். வரிசைப்படி போட்டால் முதலில் வர வேண்டியது, பெயர் போட வேண்டாம் என்று சொன்ன ஆத்தாவின் பெயர்தான்.

என் பங்குக்கு ஒன்று நேர்ந்திருக்கிறேன். உடம்பில் தெம்பு இருக்கும் வரை, ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் நானே மேலே ஏறித் தளத்தைக் கூட்டி, தூம்பு வாயில் அடைத்த சருகை எடுத்து, இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிவிட்டு வருவேன். பறவை எச்சத்தில் வந்து முளைக்கிற அந்த ஒரு கன்றை விட்டுவைத்தால் போதும், கற்பலகையையே பிளந்துவிடும். தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்க வரும் அன்பளிப்பையும், சுவரைத் துளைத்து ஏசி மாட்ட வரும் அன்பளிப்பையும், கல்தரையை மூடி டைல்ஸ் ஒட்ட வரும் அன்பளிப்பையும் நான் உயிரோடு இருக்கும் வரை எதிர்ப்பேன். அன்பளிப்புக் கொடுப்பவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு வாங்கிக் கொடுங்கள், கடுக்காய் வாங்கிக் கொடுங்கள், கருப்பட்டி வாங்கிக் கொடுங்கள். கருப்பட்டி நம் மாவட்டத்துச் சரக்குத்தானே.

கடைசியாக இரண்டு விஷயம். வரவு செலவுக் கணக்கை மதரஸா வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம். நீற்றிய சுண்ணாம்பு குழியில் கொஞ்சம் மீதமிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் வரை அது கெடாது, நாளாக நாளாகப் பதம் கூடும். மையவாடி (அடக்கத்தலம்) மதில் வேலைக்குப் போக மிஞ்சுவதைப் பழைய வீடு வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும், எந்தத் தெருக்காரராக இருந்தாலும் கொடுப்பதென்று முடிவு. வாளியோடு வாருங்கள். தளம் தட்டக் கற்றுக்கொண்ட நம் பையன்கள் அஸருக்குப் பிறகு அங்கேதான் இருப்பார்கள், எப்படிக் கலப்பதென்று அவர்களே சொல்லித் தருவார்கள். ஆத்தா வீட்டு அடுப்படிக்குப் புது ஓடு போடும் வேலையை அவர்கள் அடுத்த வாரம் எடுத்திருக்கிறார்கள். ஆத்தாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் கூலி பேசாமல் விடமாட்டார்.

வஸ்ஸலாம்.
பள்ளி பழுதுபார்ப்பில் கணக்கு எழுதியவன்